ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும்: பணமா, ஆளா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலத்துக்காரர்கள் எட்டுப் பேர், பெங்களூரிலும் சென்னையிலும் வேலை. ஏற்காட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பத்துப் பிள்ளைகளைத் ‘தத்தெடுத்து’ மாதம் இரண்டாயிரம் கொடுப்பதா, இல்லை மாதம் ஒரு ஞாயிறு மலைக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பதா, இரண்டில் எது பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: அரசும் பள்ளியும் ஏற்கெனவே செய்வதற்கு மேல் வெளியாள் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். என் பதில் இது. அரசு கொடுப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அது பிள்ளையின் கைக்கு வந்து சேரத்தான் ஆள் இல்லை. அந்த ஆளாக இருங்கள். பிளஸ் டூவில் தொடங்காதீர்கள். ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ தொடங்கி, கல்லூரி முதலாண்டு முடியும்வரை கூட இருங்கள். மாதம் இரண்டாயிரம் என்பதை அப்படியே ஒதுக்கி வையுங்கள், அதற்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன.

என்னென்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. அடுத்து முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. அதில் தேர்வாகும் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு ரூ.10,000. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் ரூ.1,000, இது 2022-ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-லிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இந்த இரண்டும் உண்டு. டிப்ளமோ, ஐ.டி.ஐ. போனாலும் கிடைக்கும், அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. சீட்டு கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பழங்குடி, ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குப் பத்தாவதுக்கு மேல் படிக்கப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் விடுதியும் தனி. தொகைகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, அதனால் அந்தந்த ஆண்டு அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை இருப்பதில் சந்தேகமில்லை.

இவ்வளவும் ஏன் போய்ச் சேருவதில்லை என்றால், பெரும்பாலும் காகிதத்தில்தான் சிக்கல். ஒரு பெண்ணின் ஐந்து தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வையுங்கள். ஆதாரில் வெறும் ‘கவிதா’. பள்ளிப் பதிவேட்டில் ‘கவிதா ரா’. வங்கிப் புத்தகத்தில் ‘ஆர். கவிதா’. ரேஷன் கார்டில் அப்பா பெயர் ராமசாமி, சாதிச் சான்றில் ராமன். நமக்கு ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவிலிருந்துதான் போகிறது. அது போவதற்குள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் பள்ளியிலேயே திருத்திவிடலாம். தலைமையாசிரியர் பார்த்துச் செய்வார். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதே திருத்தத்துக்குத் தேர்வுத் துறை வரை விண்ணப்பம் போய், மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஆகவே உங்கள் எட்டுப் பேரின் முதல் வேலை பாடம் நடத்துவது இல்லை. பத்தாவது பிள்ளைகள் ஒவ்வொருவரின் தாள்களையும் ஒப்பிட்டு, எது எங்கே பிசகுகிறது என்று ஒரு தாளில் எழுதி, எமிஸ் திருத்தத்தையும் ஆதார் திருத்தத்தையும் தனித்தனியாக முடிப்பது. 15 வயதில் ஆதாரில் கைரேகையும் கண்ணும் புதுப்பிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் தெரியாது. 17 வயதுக்குள் முதல் முறை செய்தால் கட்டணமில்லை. செய்யாவிட்டால் பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் கைரேகை பொருந்தவில்லை என்று எல்லாம் நின்றுவிடும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ‘ஆதார் லிங்க் பண்ணியாச்சு’ என்று வீட்டில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அந்த ஆதார் பதிவாகியிருப்பது வேறு. பணம் கடைசியாகப் பதிவான கணக்குக்குத்தான் போகும். சிம் வாங்கப்போன கடையில் விரலை வைத்தபோது ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்திருக்கும், உதவித்தொகை அங்கே போய்க் கிடக்கும், வீட்டில் ‘பணமே வரலைங்க’ என்பார்கள். ஆதார் தளத்திலேயே எந்த வங்கியில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். ஆதாரில் இருக்கிற கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும், அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே தனி வேலை. இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிப்போகும், அதனால் நூறு ரூபாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். என்.எம்.எம்.எஸ். போன்றவற்றை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தேர்வில் தேறிய பிள்ளை புதுப்பிக்காமல் விட்டு மூன்று ஆண்டுப் பணத்தை இழப்பது சர்வசாதாரணம்.

ஏற்காட்டில் இன்னொரு தாள் உண்டு, அதுதான் கடினமானது. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். (பெயரைப் பார்த்துக் கேரளக்காரர்கள் என்று நினைக்கும் அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) பட்டியலில் அந்தப் பெயர் சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டங்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ சான்று இருந்தால் வேலை எளிது. குடும்பத்தில் யாரிடமும் இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, நேரடி விசாரணை என்று வாரங்கள் மாதங்களாகும். ஜூன் மாதம் கவுன்சிலிங் வைத்துக்கொண்டு மே மாதம் விண்ணப்பித்தால் அந்த ஆண்டு பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். ஒன்பதாவதிலேயே போட்டுவிடுங்கள். இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகை எண்ணை உங்கள் நோட்டில் எழுதிவைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். விண்ணப்பம் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று இருக்கும். காரணம் ஒரு வரியில் இருக்கும். அதை யாரும் பார்க்காமல் மாதம் போய்விடும். எஸ்டேட் குடியிருப்புகளில் இருக்கும் குடும்பங்களுக்கு முகவரிச் சான்று தனித் தலைவலி, அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்யப்படும் ஒரு பெரிய சேதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, ‘இவ்வளவு நல்லாப் படிக்குதே’ என்று நன்கொடையாளர் செலவில் ராசிபுரம், நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளி விடுதியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கையெழுத்தோடு 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடும், புதுமைப் பெண்ணும் போய்விடும். இரண்டு ஆண்டு பள்ளிக் கட்டணம் கட்டி, நான்கு ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தை அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றியதுதான் மிச்சம். இதிலேயே இன்னொரு நுணுக்கம்: அரசு உதவி பெறும் பள்ளிக்குப் புதுமைப் பெண் உண்டு என்றாலும் 7.5 சதவீதம் கிடையாது. ஏற்காட்டில் பல பிள்ளைகள் ஆறாவது, ஏழாவதை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘ஆறாவது எந்த ஸ்கூல்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும், கவலை வேண்டாம்.

இனி நீங்கள் ஆசைப்படும் வழிகாட்டுதலுக்கு வருகிறேன். எட்டுப் பேர் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ‘கனவு காணுங்கள்’ என்று பேசுவதால் ஒரு பயனும் இல்லை; கைதட்டு கிடைக்கும். ஒருவருக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று பிள்ளைகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில், இடையில் வாரம் ஒருமுறை பெற்றோர் கைப்பேசியில், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். பெங்களூரில் இருப்பவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவாரா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வரமாட்டார் என்றால் அவர் படிவம் நிரப்பும் வேலையையும் தொலைபேசியையும் எடுத்துக்கொள்ளட்டும். நேரில் போகச் சேலத்திலேயே இருக்கும் மூன்று பேரைத் தேடுங்கள். அமெரிக்காவில் இப்படி வழிகாட்டியாக இருப்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்த துணையால் பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவர்களுக்கோ தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆகவே நடுவில் விட்டுப்போவதற்கு, தொடங்காமல் இருப்பதே மேல். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. வழிகாட்டியால் மார்க் எவ்வளவு ஏறும் என்பது அப்படி உறுதியானதில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்த ஆய்வுகள் சுமாரான பலன் என்றுதான் சொல்கின்றன. பள்ளிக்கு வருவது, விண்ணப்பம் போடுவது, படிப்பை விடாமல் இருப்பது ஆகியவற்றில் எதிர்பார்ப்பு வையுங்கள். மார்க்கில் குறைவாக வையுங்கள்.

பாடம் சொல்லியே தீருவோம் என்றால், முதல் சந்திப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். இருபது நிமிடச் சோதனை போதும்: ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாய்விட்டுப் படிக்க, ஆங்கிலத்தில் ஐந்து எளிய வாக்கியம் படிக்க, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்ட, எதிர்மறை எண் கழிக்க, 450 ரூபாயில் 20 சதவீதம் எவ்வளவு என்று சொல்ல. பத்தாவது படிக்கும் பிள்ளை பின்னத்தில் திணறினால் அதற்கு இருபடிச் சமன்பாடு நடத்துவது வீண்; நடத்தினால் ‘புரியுதுங்க சார்’ என்று பணிவாகத் தலையாட்டும். எதைச் சொன்னாலும் ‘சரிங்க சார்’ என்பது இங்கே மரியாதை. புரிந்ததா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்று கேட்டு, அவருக்குத் துணையாக நில்லுங்கள். வேறு முறையில் சொல்லிக் கொடுத்து இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான். மாதம் இரண்டு மணி நேரத்தில் பேச்சு வராது. கூச்சம் கொஞ்சம் போகலாம்.

காலண்டரில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபி அறுவடை, அதை ஒட்டியே மிளகு. அந்த மாதங்களில் கூலி கூடுதலாகக் கிடைக்கும், பெரிய பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போவார்கள், வகுப்பில் பெஞ்சு காலியாகும். ஞாயிறு கூலி நாள் என்றால் ஞாயிறு வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள், அதற்காகக் கோபித்துப் பயனில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு மாற்றுங்கள். கீழே சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் இதே கதைதான், கொலுசுப் பட்டறையும் தறியும் பிள்ளைகளை இழுக்கும். வித்தியாசம், அங்கே அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை, ஆண்டு முழுக்க இழுக்கும்.

பத்தாவது முடிந்ததும் குரூப் எடுப்பது வாழ்க்கையில் பாதி முடிவு. மலைப் பள்ளிகளில் எல்லாக் குரூப்பும் இருக்காது, இருக்கிறதில் ஒன்று என்று சேர்ந்துவிடுவார்கள். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும், கட் ஆஃப் 200-ல் கணிதத்துக்கு மட்டும் 100. கணிதத்தில் 38 மார்க் வாங்கிய பிள்ளையை ‘என்ஜினீயர் ஆகலாம்’ என்று அந்தக் குரூப்பில் தள்ளாதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லாமல் மாதம் ரூ.750 உதவித்தொகையோடு தொழில் கற்கலாம். அதன் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு என்று போகிற படிக்கட்டும் உண்டு. நம் ஆட்களுக்கு ஐ.டி.ஐ. என்றால் இளக்காரம். வீட்டில் முதல் சம்பளம் சீக்கிரம் வர வேண்டிய பிள்ளைக்கு அதுதான் சரியான இடமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான காலம் பிளஸ் டூ தேர்வு முடிந்த மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பள்ளி கைவிட்டிருக்கும், கல்லூரி இன்னும் கைப்பிடித்திருக்காது. ஏப்ரலிலேயே கல்லூரி ஏஜென்ட்கள் வீடு தேடி வருவார்கள். ‘ஐயாயிரம் கட்டுங்க, பஸ் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ’ என்று பேசி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கிக்கொண்டு போவார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. ஒரிஜினலைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை கிடையாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டு வாங்கப் போராடுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம். மார்ச்சிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: எங்களைக் கேட்காமல் ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீங்க. மே மாதம் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் பொறியியல் கவுன்சிலிங் பதிவும் இரண்டையும் போடுங்கள். ஒன்று தவறினால் மற்றொன்று. விருப்பப் பட்டியலில் நான்கு கல்லூரி மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள், நாற்பது போடலாம் என்று யாரும் சொல்வதில்லை. விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. வரும் நேரத்தில் நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள்.

சீட்டு கிடைத்த அன்றே விடுதியைப் பாருங்கள். ஏற்காட்டுக் கிராமத்திலிருந்து தினமும் சேலம் இறங்கி ஏறிப் படிப்பது தாளில்தான் முடியும். ஒரு மண் சரிவில் பஸ் நின்றால் அந்த வாரம் போயிற்று. அரசு விடுதிகளை இப்போது சமூகநீதி விடுதி என்கிறார்கள். இடம் குறைவு, முந்துங்கள். முதல் செமஸ்டரில்தான் விட்டுவிட்டு வீடு திரும்புவது அதிகம். காரணம் பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடமும் விடுதித் தனிமையும். தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகாது. அந்த இரண்டு வாரமும் தொலைபேசியில் பேசுங்கள்.

அந்த இரண்டாயிரத்துக்கு வருவோம். பத்துப் பேருக்கு மாதம் இருபதாயிரம், ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். இதைப் பொதுக் கையிருப்பாக வைத்தால் முப்பது பிள்ளைகளுக்குப் போதும். விண்ணப்பக் கட்டணம், கவுன்சிலிங்குக்குப் போகவர பஸ் செலவு, விடுதிக்கு வேண்டிய பெட்டி, போர்வை, முதல் மாத மெஸ் முன்பணம், உதவித்தொகை வரும்வரை கட்ட வேண்டிய கட்டணம், சில நூறு ரூபாய்க்கு ஒரு கண்ணாடி. கடைசி பெஞ்சில் ‘மந்தமாக’ இருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டி ரசீது வாங்குங்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அப்பா இறந்துபோய், பிள்ளை கூலிக்குப் போகும் நிலையில் இருக்கும் வீட்டுக்கு அது உயிர். மற்ற வீடுகளில் ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்று வகுப்பில் பிளவுதான் வரும். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் காசோலையோடு படம் எடுத்துப் போடுவதை அடியோடு விடுங்கள்.

தலைமையாசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு உள்ளே போக முடியாது. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும், உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் துறையின் திட்ட அலுவலரிடம். 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் பேச்சு பெரிய சர்ச்சையான பிறகு இதில் கெடுபிடி அதிகம், அது சரிதான். சந்திப்பு பள்ளி வளாகத்தில், கதவு திறந்த அறையில், ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில். பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டி. தனியாகக் காரில் ஏற்றிப் போவதும் இரவு வாட்ஸ்அப்பும் யாருக்கும் கிடையாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பாலியல் தொந்தரவு பற்றிப் பிள்ளை எதையாவது சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. ‘ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டிலும் நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள். நானும் இதற்கு மேல் சொல்லத் தகுதியானவன் இல்லை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

டிரஸ்ட் பதிவு செய்யலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் சொந்தப் பணத்தை நீங்கள் எட்டுப் பேர் செலவு செய்ய எந்தப் பதிவும் தேவையில்லை. தனி வங்கிக் கணக்கும் எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்குத் தாளும் போதும். வெளியாரிடம் வசூலிக்கத் தொடங்கும்போதுதான் டிரஸ்ட், தணிக்கை, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி எல்லாம். 80ஜி கழிவு பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்குத்தான், அதுவும் ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவில்லாத டிரஸ்ட் அதைத் தொடக்கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. முதல் இரண்டு ஆண்டு பதிவில்லாமலேயே ஓட்டிப் பாருங்கள். எட்டில் எத்தனை பேர் மிஞ்சுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு பத்திரம் எழுதலாம்.